இரவில் எழுந்துபோகும் அப்பாவைக் கட்டிவைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்த்து ஐந்து நாள் ஆகிறது. மூன்றாம் நாள் இரவு கழிவறைக்குப் போக எழுந்தவர், கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்டும்போது விழுந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை என்றார்கள். இரவுத் துணைக்கு வைத்திருக்கும் உதவியாளர், கைகளைக் கட்டிவிடலாம் என்கிறார். அவரை அனுப்பிய ஏஜென்ட், எழுந்தால் ஒலி எழுப்பும் விரிப்பை வாங்கச் சொல்கிறார். தூக்க மாத்திரை கேட்கலாமா என்று வீட்டில் பேச்சு. எதைச் செய்வது?

பதில்: மூன்றும் வேண்டாம். அப்பா ஏன் எழுந்தார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிறுநீர் முட்டியது, எழுந்தார். வார்டில் முதியவர் விழுந்தார் என்று என்னை அழைத்தபோதெல்லாம் நான் முதலில் கேட்டது, “எங்கே போகப் பார்த்தார்?” என்பதுதான். பெரும்பாலும் கழிவறைக்கு என்றே பதில் வரும். கட்டிப்போட்டால் அந்த அவசரம் தீர்ந்துவிடாது. கட்டை அவிழ்க்கத் திமிறுவார், தோல் கிழியும், மனக்குழப்பம் கூடும், விழும்போது இன்னும் மோசமாக விழுவார்.

ஆகவே அவருக்கு முட்டும் முன்பே நீங்கள் அழைத்துப் போங்கள். படுக்கும் முன் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை, விடியற்காலை நான்கு மணிவாக்கில் ஒருமுறை. அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கும் தலைமுறை அது, கேட்க மாட்டார்கள். நடக்க முடியாத அளவு தளர்ந்திருந்தால் சிறுநீர்க் குடுவையைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரையை மாலையில் கொடுக்கிறார்களா, டிரிப்ஸ் இரவு முழுவதும் ஓடத்தான் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நேரத்தை மாற்றினாலே பல முறை எழுவது குறையும். “கதீட்டர் போட்டுவிடலாம், எழவே மாட்டார்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் குழாயைக் காலில் சிக்கவைத்துக்கொண்டு விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறுநீரில் கிருமித் தொற்று வந்து சேருவது வேறு.

எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. படுத்திருப்பவரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தக் கூடாது. கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரவையுங்கள். பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். பிறகு எழுந்து நின்று, தலைசுற்றல் இல்லை என்று சொன்ன பிறகே முதல் அடி. நோயிலும் மருந்திலும் வாடிய உடம்பில் எழுந்த நொடியில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். படுத்த நிலையில் ஒருமுறை அளந்து, நின்றதும் ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் விழுந்ததற்கான காரணம் அநேகமாக அங்கேயே இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை இவற்றின் அளவை மருத்துவர் பரிசீலிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் நீங்கள் கேட்காமல் பல வார்டுகளில் செய்ய மாட்டார்கள். மாறாக ஒரு படிவம் நிரப்புவார்கள். முன்பு விழுந்திருந்தால் 25 புள்ளி, டிரிப்ஸ் ஓடினால் 20 புள்ளி என்று கூட்டி, ‘அபாயம் அதிகம்’ என்று எழுதி, கையில் ஒரு வண்ணப் பட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். பட்டை யாரையும் தாங்கிப் பிடிக்காது. ஒரு செவிலியர் இரவில் எத்தனை கட்டில்களைத்தான் பார்ப்பார்? ஆட்களைப் போடாமல் படிவங்களைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அந்த ஏஜென்ட் விஷயம். அவர் விற்கும் விரிப்பு, அப்பா எழுந்த பிறகுதான் கத்தும். ஓடிவருவதற்குள் அவர் தரையில் இருப்பார். 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் 16 வார்டுகளில் 27,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் இத்தகைய ஒலிக்கருவிகளைச் சோதித்தார்கள். கருவிகளின் பயன்பாடு கூடியது, விழுவது குறையவில்லை. ‘பயிற்சி பெற்ற உதவியாளர்’ என்ற சொல்லையும் அப்படியே நம்பாதீர்கள். பகலில் ஒரு மருத்துவமனை, இரவில் இன்னொன்று என்று ஒரே ஆளை இரண்டு இடத்துக்கும் அனுப்பும் ஏஜென்ட்டுகள் உண்டு. அந்த மனிதர் எப்படி விழித்திருப்பார்? நான் வேலை பார்த்த ஒரு வார்டில், துணைக்கு வந்த பெண் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே பாய் விரித்துத் தூங்கினார். அவரை எழுப்ப மனமில்லாமல் 81 வயதுப் பாட்டி பாயைத் தாண்டிக் கால் வைத்தார், இடுப்பு எலும்பு முறிந்தது. உதவியாளரை வைக்கும் முன், “படுத்திருப்பவரை எழுப்பி நடத்திக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பலவீனமான பக்கம் நின்று, ஒரு கையால் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கிறாரா, அல்லது முழங்கையைப் பற்றி இழுக்கிறாரா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கே படுப்பார் என்பதையும் நீங்களே காட்டுங்கள்.

தூக்க மாத்திரை வேண்டாம் என்றேன். தூக்கம் வரவழைக்கும் சளி மருந்தும் அப்படியே, வயதானவர்களின் மூளையைக் குழப்பும். ஆனால் ஒரு விலக்கு உண்டு, அதை நன்றாகக் கவனியுங்கள். அப்பா பல ஆண்டுகளாகத் தினமும் தூக்க மாத்திரை போடுபவரா? மருத்துவமனையில் சேர்த்தபோது அதை யாரும் சொல்லாமல் விட்டு, அது திடீரென நின்றுபோயிருக்கிறதா? அப்படியானால் நிறுத்தியதே ஆபத்து. நடுக்கம், வியர்வை, இல்லாத உருவங்கள் தெரிவது, வலிப்பு வரை போகும். அவருக்கு அதே மருந்தைத் தொடர்ந்து கொடுத்து, பிறகு வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். தினமும் மது அருந்துபவருக்கும் இதே கதைதான். கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் கடுங்குழப்பம் தொடங்கும். உங்கள் அப்பா விழுந்தது மூன்றாம் இரவு என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மாத்திரையின் பெயரை, குடிக்கும் அளவை உள்ளபடி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கட்டிலை மிகத் தாழ்வாக இறக்கி, சக்கரத்தைப் பூட்டச் சொல்லுங்கள். இருபுறமும் கம்பியை உயர்த்தினால், விவரம் புரியாதவர் அதன்மேல் ஏறுவார், கூடுதல் உயரத்திலிருந்து விழுவார். அவர் இறங்கும் பக்கத்தைத் திறந்தே வையுங்கள். கண்ணாடி, காதுக்கருவி, அழைப்பு மணி மூன்றும் தலையணை அருகே இருக்கட்டும். குதிகாலைப் பிடிக்காத செருப்பை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கழிவறைக் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் தாழிட விடாதீர்கள். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். அப்படிக் கதவு வைத்த மருத்துவமனைகளை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விழுந்துவிடுவார் என்று பயந்து பகலெல்லாம் படுக்கவைக்காதீர்கள். நலமாயிருந்த முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்தது. மூச்சு வாங்காத அளவுக்கு, பிடித்துக்கொண்டு, பகலில் மூன்று முறையாவது நடக்கட்டும்.

கடைசியாக, ஏற்கெனவே விழுந்தாரே, அதைப் பற்றி. ரத்தம் உறையாமலிருக்க அவருக்கு மாத்திரையோ ஊசியோ கொடுக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். கொடுத்தால், தலையில் அடிபட்டதை யாரும் பார்க்காவிட்டாலும் சி.டி. ஸ்கேன் பற்றிப் பேசுங்கள். மண்டைக்குள் கசியும் ரத்தம் நாட்கள், சில வாரங்கள் கழித்தும் காட்டிக்கொடுக்கும். அளவுக்கு மீறிய தூக்கம், தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் தளர்வது, பேச்சு மாறுவது இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. காலை ஊன்றும்போது தொடை இடுக்கில் வலிக்கிறது என்றால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற பதிலோடு திரும்பாதீர்கள், இடுப்பு எலும்பின் மெல்லிய விரிசல் அதில் தப்பிவிடும். டிஸ்சார்ஜ் குறிப்பில் நிமோனியா பற்றி மட்டுமே எழுதித் தருவார்கள். ‘வார்டில் விழுந்தார்’ என்ற வரியையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்து அவரைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு வேறு எப்படித் தெரியும்?