உபுண்டுவை அப்கிரேடு செய்ததும் சௌராஷ்டிர கீபோர்டு காணாமல் போய்விட்டது, எப்படி மீட்பது?

உபுண்டு 20.04 பதிப்பிலிருந்து 22.04-க்கு மாறியதும், நீங்களே எழுதிச் சேர்த்த சௌராஷ்டிர கீபோர்டு பட்டியலிலேயே இல்லை என்கிறீர்கள். மதுரையில் இரண்டு மூன்று பேருக்கு இதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே காரணம்தான்.

முதலில் எழுத்துருவைச் சோதித்துவிடுங்கள். டெக்ஸ்ட் எடிட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு ஏ892 (ஏ ஆங்கில எழுத்து) என்று அடித்து என்டர் தட்டுங்கள். சௌராஷ்டிர 'க' வந்தால் எழுத்துரு நலம். வெறும் கட்டம் வந்தால் நோட்டோ சான்ஸ் சௌராஷ்டிரா எழுத்துருவையும் நிறுவ வேண்டும். 2008-லேயே யூனிகோடில் இடம்பிடித்த எழுத்து இது, ஆனாலும் எல்லாக் கணினியிலும் தானாக வந்துவிடாது.

இப்போது கீபோர்டு. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் கோப்புகள் இருக்கும் சிம்பல்ஸ் கோப்புறையில், இந்திய மொழிகளுக்கான 'இன்' என்ற கோப்பின் அடியில்தானே உங்கள் வரிகளைச் சேர்த்தீர்கள்? அது எக்ஸ்கேபி (லினக்ஸின் கீபோர்டு அமைப்பு) பொதிக்கு, அதாவது பேக்கேஜுக்குச் சொந்தமான கோப்பு. சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையில் நீங்கள் கைவைத்த கோப்பு என்றால் 'பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா' என்று அப்கிரேடு கேட்கும். இந்தக் கோப்புக்கு அந்த மரியாதை கிடையாது, கேட்காமலே புதியதை மேலே எழுதிவிடும். பேக்கப்பிலிருந்து பழைய வரிகளை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் ஒட்டினால், அடுத்த அப்டேட்டில் மறுபடியும் போய்விடும்.

எனவே இடத்தை மாற்றுங்கள். ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் எக்ஸ்கேபி என்று ஒரு கோப்புறை, அதற்குள் சிம்பல்ஸ், ரூல்ஸ் என இரண்டு. உங்கள் வரிகளை சிம்பல்ஸுக்குள் எஸ்ஏஇசட் என்ற பெயரில் தனிக் கோப்பாக வையுங்கள், சௌராஷ்டிரத்தின் ஐஎஸ்ஓ குறியீடு அது. ஆங்கிலச் சிறிய எழுத்தில், எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் இருக்கட்டும். ரூல்ஸுக்குள் எவ்டெவ் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். இது இல்லாவிட்டால் கீபோர்டு இருந்தும் உபுண்டுவின் டெஸ்க்டாப்பான ஜினோமின் செட்டிங்ஸ் பட்டியலில் தலைகாட்டாது. சிஸ்டத்தில் உள்ள அதே பெயர்க் கோப்பிலிருந்து வெளிச்சட்டத்தையும் ஒரே ஒரு லேஅவுட் பகுதியையும் எடுத்து, பெயரையும் விளக்கத்தையும் மாற்றினால் போதும்.

லாக்-அவுட் செய்வதற்கு முன் எக்ஸ்கேபிசிஎல்ஐ கருவியால் கோப்பைச் சோதியுங்கள். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் மொத்த கீபோர்டும் வேலை செய்யாது. எந்த வரியில் என்று இது சொல்லிவிடும்.

இதெல்லாம் வேலாண்டுக்கு, அதாவது திரையையும் கீபோர்டையும் கையாளும் புதிய அமைப்புக்கு. 22.04-இல் பெரும்பாலும் அதுதான் தானாக வரும். விசைகளை மாற்றும் பழைய எக்ஸ்மோட்மேப் ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள், வேலாண்டில் பயனில்லை. வேலாண்டுக்கு முந்தைய எக்ஸ்11-லேயே இருப்பவர்களுக்கு இந்த ஹோம் வழி உதவாது. அவர்கள் சிஸ்டத்தின் சிம்பல்ஸ் கோப்புறையில் 'இன்' கோப்பைத் தொடாமல் அதே தனிக் கோப்பை வைத்துவிட்டு, செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையில் அதன் பெயரைக் கொடுக்கலாம். பொதிக்குச் சொந்தமில்லாத கோப்பை அப்டேட் தொடுவதில்லை.

அப்புறம், கீபோர்டு நன்றாக ஓடினால் இந்தக் கீபோர்டு கோப்புகளை வெளியிடும் எக்ஸ்கீபோர்டு-கான்ஃபிக் திட்டத்துக்கே அனுப்பிப் பாருங்கள். சந்தாலி மொழியின் ஓல் சிக்கி எழுத்தும் மணிப்பூரியின் மீத்தேய் மயெக் எழுத்தும் அந்த 'இன்' கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. சௌராஷ்டிரமும் சேர்ந்துவிட்டால் ஹோமில் எதையும் வைக்க வேண்டிய வேலையே இல்லை.