கார் கிளினிக்: உங்கள் வேலைக்கு ஏற்ற வைத்தியம்

கேள்வியோடு வாசகர்கள் தங்கள் வேலையையும் எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரு கார் எப்படிக் கெடும் என்பதில் பாதி, அதை ஓட்டுபவர் எத்தனை மணிக்கு எங்கே போய் வருகிறார் என்பதில் இருக்கிறது. அதற்காகத்தான் கேட்டோம்.

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர். நைட் ஷிஃப்ட் என்பதால் ஆசைப்பட்டு பி.எஸ்.6 டீசல் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டி.பி.எஃப் விளக்கு மூன்றாவது முறையாக எரிகிறது. ‘அதைக் கழற்றிப் போட்டுவிடலாம்’ என்கிறார் மெக்கானிக். (மதுரை)

கழற்ற வேண்டாம். அது சட்டப்படி தவறு, புகையும் கக்கும். உங்கள் காரில் குறை எதுவும் இல்லை, 4 கிலோமீட்டர்தான் பிரச்னை.

டி.பி.எஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நிறைந்ததும் உள்ளே வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, அந்தக் கரியை அதுவே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடாகி, தொடர்ந்து ஓட வேண்டும். நீங்களோ சூடேறும் முன்பே பார்க்கிங்கில் நிறுத்திவிடுகிறீர்கள். எரிப்பு பாதியில் நின்றுபோக, அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. இன்றே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், உடனே ஆயில் மாற்றிவிடுங்கள். ‘ஆயில் குறையவே இல்லை, நல்ல வண்டி’ என்று சந்தோஷப்படுகிற இடம் அல்ல இது.

வாரம் ஒருமுறை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரை போய்த் திரும்புங்கள். நாலாவது கியரில், 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்மில், 20 நிமிடம் சீராக ஓடினால் போதும். வார விடுமுறை நாளில் செய்யுங்கள், நைட் டியூட்டி முடித்த காலையில் வேண்டவே வேண்டாம். வண்டியை நிறுத்தும்போது ஐடில் வழக்கத்தைவிட உயர்ந்திருந்து, ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டிருந்தால், உள்ளே கரி எரிந்துகொண்டிருக்கிறது. அப்போது இன்ஜினை அணைக்காமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஆயில் வாங்கும்போது, வடிகட்டியை அடைக்கும் சாம்பலைக் குறைவாக விடும் ‘லோ சாப்ஸ்’ வகையா என்று பாருங்கள். டப்பாவில் ஏ.சி.ஈ.ஏ சி2 அல்லது சி3 என்று இருக்கும், எது என்பதைக் காரின் கையேடு சொல்லும். டி.பி.எஃப் விளக்கோடு செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்தால் ஓட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஸ்கேனர் வைத்து ஒர்க்‌ஷாப்பில்தான் எரிக்க வேண்டும்.

அடுத்த கார் பெட்ரோலாக இருக்கட்டும்.

கப்பலில் செகண்ட் இன்ஜினீயர். ஒவ்வொரு காண்ட்ராக்ட்டும் 5 மாதம். பெட்ரோல் கார், கியர் வண்டி. மாமனார் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுகிறார். அப்படியும் திரும்பி வரும்போது பேட்டரி செத்துக் கிடக்கிறது. (தூத்துக்குடி)

முதலில் மாமனாருக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை கொடுங்கள். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்ட்டையும் வாரம் முழுக்க நின்றதில் இறங்கிய சார்ஜையும் சேர்த்து ஐந்து நிமிட ஐடிலில் ஆல்டர்னேட்டர் திருப்பித் தராது. சைலன்சருக்குள் சேர்ந்த நீரும் ஆவியாகாமல் அங்கேயே தங்கித் துருப்பிடிக்கும். அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் ஓட்டட்டும், இல்லையென்றால் தொடாமல் இருப்பதே மேல்.

கப்பலை லே-அப் செய்வது (பல மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைப்பது) உங்களுக்குத் தெரியாததா? அதே ஒழுங்குதான். கிளம்பும் வாரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய ஆயிலில் உள்ள அமிலம் ஐந்து மாதம் பேரிங்கில் ஊறக் கூடாது. டேங்க்கை நிரப்புங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், டேங்க்கில் காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டயரில் வழக்கமான 33 பி.எஸ்.ஐக்குப் பதில் 40 வைத்து, திரும்பியதும் இறக்குங்கள் (டயரின் பக்கச் சுவரில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது). ஹேண்ட்பிரேக் போடவே கூடாது. உங்கள் ஊர் உப்புக் காற்றில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஃபர்ஸ்ட் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வியர்க்கும், துணிக் கவர் போதும்.

பேட்டரியை 12.6 வோல்ட் வரை சார்ஜ் செய்து, 10 எம்.எம் ஸ்பேனரால் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தால், கழற்றாமல் ஸ்மார்ட் சார்ஜர் மாட்டிவிட்டுப் போவது இன்னும் நல்லது. இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு: பேட்டரி கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது, டிக்கி மின்சாரப் பூட்டாக இருந்தால் அதுவும் திறக்காது. ஆகவே ஸ்பேனரையும் சார்ஜரையும் டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கப்பல் ஏறாதீர்கள்.

திரும்பி வந்ததும் ஸ்டார்ட் செய்யும் முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், எலிக் கூடு இருக்கலாம். முதல் சில பிரேக்கில் கரகரவென்று கேட்பது டிஸ்க்கின் துரு, தானே போகும். 5 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் சுட்டால், அங்கே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் இறுகியிருக்கலாம்.

நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். என் காரின் ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. பட்டறை பஃப் மோட்டாரில் பிடித்துப் பளபளப்பாக்கலாமா? (கோவை)

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட். உங்கள் மோட்டாரின் வேகத்தில் ஓரிடத்தில் சில விநாடி நின்றாலே இளகி, அலையலையாகிவிடும். சுற்றிலும் பெயின்ட்டுக்குப் பேப்பர் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக் கையால் தேயுங்கள்: 800, 1500, 3000 நம்பர் எமரி ஷீட், பிறகு காம்பவுண்ட். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் யு.வி தாங்கும் கிளியர் கோட் அடிக்காவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான். டூத்பேஸ்ட் வைத்தியமும் அதனால்தான் நிற்பதில்லை.

பள்ளி ஆசிரியர். அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினியில்தான் பள்ளிக்குப் போகிறேன். காலையில் தொல்லை இல்லை. மதியம் திரும்பும்போது பத்தாவது கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. அரை மணி ஆறவிட்டால் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. பெட்ரோல் பம்ப் இரண்டு முறை மாற்றியாயிற்று. (காரைக்குடி)

சூட்டில் நின்று, ஆறினால் எடுக்கிற எல்லா பழைய வண்டிக்கும் ‘வேப்பர் லாக்’ (பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைப்பது) என்று பெயர் வைத்துப் பம்ப்பை மாற்றுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் சந்தேகம் கண்டென்சர் மேல். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில், ‘பாயின்ட்’ என்ற சுவிட்ச் கருகாமல் காக்கும் சிறு உருளை அது. கெட்டுப்போனால் சூட்டில் பொறியை மெலியவைக்கும்.

அடுத்த முறை நின்றதும் ஆறவிடாதீர்கள், தப்பு சிக்குகிற நேரம் அதுதான். ஒரு ஸ்பேர் பிளக்கை ஒயரில் செருகி, உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் ‘டக் டக்’ என்று பொறி வந்தால் இக்னிஷன் சரி, பெட்ரோலைத் தேடலாம். ஆரஞ்சு நிறத்தில் மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். பாயின்ட்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சர்தான். ஐம்பது வருடப் பழைய யோசனை என்றாலும், அதைச் சூடான டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து தள்ளி, பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயில் பக்கம் மாட்டுவது இன்றும் பலன் தரும். பாயின்ட்டையும் மாற்றி, இடைவெளியை 0.45 மி.மீ.க்கு வையுங்கள்.

காயிலையும் விடாதீர்கள். ஒயர்களைக் கழற்றி, பிளஸ் மைனஸ் முனைகளுக்கு இடையே மல்ட்டிமீட்டர் வைத்தால் சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். 1.5 காட்டினால் அது கரண்ட்டைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு போட வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் தொட முடியாத அளவுக்குச் சுடும், நீங்கள் சொல்கிற அதே கதைதான் நடக்கும். கடையில் ‘எல்லா வண்டிக்கும் ஒரே காயில்’ என்று கொடுப்பார்கள், நம்பாதீர்கள்.

பொறி சரியாக இருந்தால் மட்டும் பெட்ரோல் பக்கம் போங்கள். பம்ப்பின் ரப்பர் ஹோஸ் பழசு என்றால் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது எப்படியும் நல்லது.

ஐ.டி.யில் பத்து வருடம். பேங்க் சாஃப்ட்வேர் எழுதி அலுத்துவிட்டது. கார்தான் உயிர். கார் துறைக்கு மாறலாமா? (சென்னை)

கார் துறையின் சாஃப்ட்வேர் வேலையில் பெட்ரோல் வாசனை வராது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேஜையில் இ.சி.யூ. (காரின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்), பவர் சப்ளை, லேப்டாப். பிரேக் பெடலை யாரும் மிதிக்க மாட்டார்கள், மிதித்ததாக ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். ஸ்பேனர் பிடிப்பதுதான் உங்கள் ஆசை என்றால் இப்போதைய சம்பளமும் சனி ஞாயிறும் உங்களுக்கு வசதி.

பிடிக்குமா என்று பார்க்கச் செலவு அதிகமில்லை. சாவியை அணைத்துச் சில நிமிடம் கழித்து, காரின் ஓ.பி.டி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 6-ஆம், 14-ஆம் பின்களுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் 60 காட்டும். காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் ‘கேன்’ ஒயரின் இரு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாக இருப்பதால் அந்தக் கணக்கு. பிறகு இரண்டு ஆர்டுயினோ (நிரல் எழுதிப் பழகும் சிறு போர்டு), அவற்றைக் கேன் ஒயரோடு இணைக்கும் எம்.சி.பி.2515 போர்டு இரண்டு வாங்கி ஒன்றோடொன்று பேச வையுங்கள். பேசாவிட்டால் முதலில் போர்டின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலைப் பாருங்கள். அதில் 8 மெகாஹெர்ட்ஸ் இருக்கும், நிரலில் 16 என்று இருக்கும். இதைத் தேடிக் கண்டுபிடித்த இரவு எரிச்சல் வந்ததா, தூக்கம் போனது தெரியாமல் போனதா என்பதை வைத்து முடிவெடுங்கள். இரண்டாவது என்றால் சி மொழி, அதைப் பாதுகாப்பாக எழுதும் மிஸ்ரா விதிகள், கார் சாஃப்ட்வேரின் பொதுக் கட்டமைப்பான ஆட்டோசார், கார் மின்னணுப் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ 26262 என்ற வரிசையில் படியுங்கள். டெஸ்டிங் பிரிவில் நுழைவது எளிது.

பல் மருத்துவர். ஞாயிறு மட்டும் ஓய்வு. இருங்காட்டுக்கோட்டை ரேஸில் மார்ஷலாக நிற்க ஆசை. என்ன தெரிந்திருக்க வேண்டும்? (திருவள்ளூர்)

டிராக் ஓரம் நின்று கொடி காட்டி ஓட்டுநர்களை எச்சரிக்கும் மார்ஷல்கள் பெரும்பாலும் உங்களைப் போல வேறு வேலை பார்ப்பவர்களே. ரேஸ் நடத்தும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பிடம் கேளுங்கள். கொடிகளை மனப்பாடம் செய்யுங்கள்: மஞ்சள் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் டிராக் வழுக்குகிறது. நீலம், பின்னால் வேகமான வண்டி. சிவப்பு, ரேஸ் நிறுத்தம். கொடி பிடிப்பவர்கள் ஜோடியாக, ஒருவரையொருவர் பார்த்து நிற்பார்கள். மஞ்சள் பிடிப்பவர் முன்னால் நடந்த விபத்தைப் பார்ப்பார், நீலம் பிடிப்பவர் வரும் வண்டிகளைப் பார்ப்பார். ஒருவரின் முதுகுக்கு மற்றவர்தான் கண். முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய ஷூ, மூன்று லிட்டர் தண்ணீர். சிவப்பு, மஞ்சள் சட்டை மட்டும் கூடாது. வளைவில் 150 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு உங்கள் சட்டையும் கொடியாகத்தான் தெரியும்.