பார்னஹாகேயில் ஏன் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை?

தங்கச்சி, நோர்வேயின் பேர்கன் நகருக்கு வந்து ஐந்து மாதம், மூன்றரை வயது மகள் பார்னஹாகே, அதாவது இங்குள்ள முன்பள்ளி, போகத் தொடங்கி மூன்று மாதம் என்று எழுதியிருந்தீர்கள். இதுவரை ஓர் எழுத்துக்கூடப் படிக்கவில்லை. பின்னேரம் கூட்டிவரப் போனால் சேறும் மணலுமாக நிற்கிறாள். ஊரில் அக்காவின் பிள்ளை அதே வயதில் 'அ, ஆ' எழுதி நூறு வரை எண்ணுகிறது. இவளுடைய காலம் வீணாகிறதா, ரீச்சரிடம் கேட்டால் பிழையாக எடுப்பார்களா என்பது உங்கள் கேள்வி.

காலம் வீணாகவில்லை. ரீச்சரிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எதைக் கேட்பது என்று விளங்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

2004இல் என் மூத்தவனுக்கு மூன்று வயது. முதலாவது பெற்றோர் சந்திப்பில் ரீச்சர், "உங்கள் மகன் மிகவும் அமைதி" என்றார். நான் மனம் நிறைந்து நன்றி சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது பாராட்டு இல்லை, கவலை என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்து, "அவனுக்கு என்ன விளையாட விருப்பம்?" என்று கேட்டார். ஐந்து குறள் சொல்வான், ஐம்பது வரை எண்ணுவான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவனாக எதைத் தேடிப் போவான் என்று திரும்பவும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது. சாப்பாட்டு மேசையில் அவன் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறானாம். வெளியே போகும் நேரம் கையை நீட்டியபடி நிற்கிறானாம், யாராவது உடுப்புப் போட்டுவிட வேண்டும் என்று. குழைத்து ஊட்டினால்தான் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று தாய்க்குத் தெரியும், அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். என் அன்பையே குறை என்கிறார்களே என்று அன்றிரவு அழுதேன். அவருடைய கண்ணுக்கோ, தானே செய்து பார்க்கும் சந்தர்ப்பம் கிடைக்காத பிள்ளையாக அவன் தெரிந்திருக்கிறான். இரண்டு பேரும் அவன் நன்றாக வரவேண்டும் என்றுதான் பார்த்தோம். 'நன்றாக' என்ற சொல்லுக்குத்தான் இரண்டு பேரிடமும் வேறு வேறு பொருள் இருந்தது.

இலங்கையில், எங்கள் ஊரில், முன்பள்ளி என்பது முதலாம் ஆண்டுக்கு வாசல். அதற்குப் பின்னால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. காணியும் வீடும் போனாலும் படிப்பை யாரும் பறிக்க முடியாது என்று நம்பி, இடப்பெயர்வுக்குள்ளும் பிள்ளைகளைப் படிப்பித்த சனம் நாங்கள். அந்த அவசரத்தை நான் ஒருநாளும் இளக்காரமாகப் பேசமாட்டேன். இங்கே அந்தப் பயம் இல்லை. பிள்ளைக்கு ஆறு வயது நிறையும் வருடத்தில்தான் பள்ளிக்கூடம், 1997க்கு முன்னர் ஏழு வயதில். பாடங்களுக்குப் புள்ளி போடுவதே எட்டாம் வகுப்பிலிருந்துதான். ஆகவே முதல் ஐந்தாறு வருடத்தை இவர்கள் வேறு காரியங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

என்ன காரியம் என்று பார்க்க, ஒருநாள் வேளைக்குப் போய் உடுப்பு மாற்றும் அறையில் நில்லுங்கள். வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. முதலில் கம்பளி உள்ளுடுப்பு, அதற்கு மேல் தடித்த மேலாடை, பிறகு மழை உடுப்பு, சப்பாத்து, கையுறை. ஒன்றை முன்பின் மாற்றிப் போட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ரீச்சர் பக்கத்தில் குந்தியிருந்து, "அடுத்தது என்ன?" என்று மட்டும் கேட்பார். ஒரு பிள்ளை இடது காலை வலது சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்து, தானே கண்டுபிடித்து மாற்றும். அரைமணி நேரம் போகிறதே என்று எனக்குப் பதறும். வரிசை, இடம் வலம், பொறுமை, முடியாதபோது உதவி கேட்கும் வாய், எல்லாம் அந்த அரைமணிக்குள் நடக்கிறது. பார்னஹாகேகளுக்கென்று 2017இல் வந்த அரச வழிகாட்டித் திட்டத்தில் ஏழு துறைகள் உண்டு. மொழியும் உண்டு, அளவும் வடிவமும் உண்டு. எட்டுப் பேருக்குத் தட்டு வைக்கும்போது உங்கள் மகள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். கொப்பியில் இல்லாததால் எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

கத்தியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலு ஐந்து வயதில் காட்டுக்குக் கூட்டிப்போய், நெருப்பு மூட்டி, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கத் தடி சீவக் கொடுப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் ஓடிப்போய்ப் பறிக்கப் பார்த்தேன். இருந்துகொண்டுதான் சீவ வேண்டும், உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும், கை எட்டும் தூரத்தில் யாரும் நிற்கக்கூடாது. என் மகன் அந்தச் சட்டங்களை எனக்குச் சொல்லித் தந்தான்.

இவர்கள் செய்வதெல்லாம் சரி, ஊரில் செய்வதெல்லாம் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று இங்கே சட்டத்திலேயே இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அம்மம்மா வந்து நிற்கும்போது எழுந்து இடம் கொடுப்பதும், இருப்பதைப் பகிர்ந்து உண்பதும் எனக்குப் பெரிய படிப்பு. அதைப் பார்னஹாகே தராது. அது எங்கள் வீட்டு வேலை.

தமிழும் அப்படித்தான். வீட்டில் அரைகுறை நோர்வேஜிய மொழியில் பிள்ளையுடன் கதைக்காதீர்கள். தாய்மொழியைப் பாவிக்கப் பிள்ளைக்குத் துணை நிற்க வேண்டும் என்று அதே வழிகாட்டித் திட்டம் ரீச்சர்மாருக்கும் சொல்கிறது. என் இரண்டாவது பிள்ளையின்போது பத்துத் தமிழ்ச் சொற்களை அவர்களுடைய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: தண்ணி, நித்திரை, நோகுது, அம்மா வருவா. அழும் நேரத்தில் ஒரு நோர்வேஜியப் பெண் "அம்மா வருவா" என்று சொல்ல என் மகள் அழுகையை நிறுத்தியதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். விஜயதசமிக்கு மகளை மடியில் இருத்தி அரிசியில் ஏடு தொடக்குங்கள். இரவில் கதை வாசியுங்கள். தினமும் கொப்பியைக் கொடுத்து எழுது எழுது என்று நெருக்காதீர்கள்.

உங்களுக்குள் இன்னொரு பயமும் இருக்கும், எல்லோருக்கும் இருந்தது. பிள்ளையை அடிப்பதை 1987இலேயே சட்டம் வெளிப்படையாகத் தடுத்துவிட்டது, மெல்லத் தட்டுவதும் அதற்குள் அடங்கும். "அடி விழும்" என்ற வெருட்டலையும் விட்டுவிடுங்கள். பாரதூரமான சந்தேகம் வந்தால் குழந்தைகள் நலத் துறைக்கு அறிவிப்பது ரீச்சர்மாரின் கடமை. ஊட்டிவிடுவதும் பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைப்பதும் குற்றம் இல்லை. அவர்கள் கண்டு யோசிக்க முன்னர் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சொன்ன வீட்டைப் பற்றி அவர்கள் ஊகிக்கத் தேவையில்லை.

பெற்றோர் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கணவருக்கு மொழி தெரிந்தாலும் பரவாயில்லை, உங்கள் வாயால் நீங்கள் கேட்க வேண்டும். மகள் யாருடன் விளையாடுகிறாள், உதவி தேவைப்பட்டால் கேட்கிறாளா, மாட்டேன் என்று சொல்கிறாளா என்று முதலில் கேளுங்கள். எழுத்தைப் பற்றிப் பிறகு கேட்கலாம். அந்தக் கிழமை இன்னொரு சோடி கையுறையும் பெயர் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒன்று எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.