தானே சரிசெய்துகொள்ளும் கணினியை நம்பலாமா? – கடிதம்

சார், வணக்கம். புதுச்சேரியில் ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி எது நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். பழுதைத் தானே கண்டுபிடித்து மாற்று சர்வருக்கு மாறிக்கொள்ளும் மென்பொருளைப் போடச் சொல்கிறார்கள். போட்டால் தூங்கலாம், ஆனால் மனசு ஒப்பவில்லை. நம்பலாமா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

அன்புள்ள நண்பருக்கு,

போடுங்கள். ஆனால் எல்லாச் சாவியையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள்.

கடலூரில் எங்கள் வீட்டு மாடித் தொட்டிக்குத் தானாக ஓடி நிற்கும் மோட்டார். இரண்டு வருஷம் அதை மறந்தே போயிருந்தோம். ஒருநாள் விடியற்காலை சன்ஷேடிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாசலெல்லாம் வெள்ளம், எந்த சுவிட்சை அணைப்பது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை, கடைசியில் மெயினையே அணைத்தோம். ஏறிப் பார்த்தால் சென்சார் கம்பியில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. தொட்டி காலி என்று அதற்குத் தகவல் போனது, அது ஓடியது.

புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் நெட்வொர்க் வெறும் 43 வினாடி அறுந்தது. தகவல்களெல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸைக் கவனிக்கும் மென்பொருள், பிரதான டேட்டாபேஸ் போய்விட்டதென்று முடிவுகட்டி, பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கே எழுதி மேற்கே போய்ச் சேராத பதிவுகள் ஒரு பக்கம், மேற்கே புதிதாக எழுதப்பட்டவை இன்னொரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகாததால், சேவை முழுசாக மீள 24 மணி 11 நிமிடம் ஆனது. மென்பொருள் தனக்குச் சொல்லிவைத்தபடிதான் செய்திருந்தது!

அதனால் முதல் மாதம் உங்கள் மென்பொருள் எதையும் செய்ய வேண்டாம், என்ன செய்திருக்கும், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது என்று மட்டும் எழுதிவைக்கட்டும். நீங்கள் செய்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், நின்றுபோன புரோகிராமைத் திரும்ப ஓடவிடுவது மாதிரி, தப்பானாலும் கெடுதல் இல்லாத வேலைகளைக் கொடுங்கள். டேட்டாபேஸை இடம் மாற்றுவதை மட்டும் இப்போதைக்கு உங்களைக் கேட்டே செய்யட்டும், அந்த ஒரு போனுக்கு எழுந்திருப்பதில் தப்பில்லை.

இன்னொன்று. தானியங்கி வந்தபின் மனிதனுக்கு மிஞ்சுவது மிகக் கஷ்டமான வேலை மட்டும்தான், அதற்கான கைப்பழக்கமோ போய்விடும் என்று உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983லேயே எழுதினார். எங்கள் சுவிட்ச் கதையும் அதுதானே. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, பகலில், ஆட்கள் இருக்கும்போது, அந்த மென்பொருளை நிறுத்திவிட்டு, மாற்று சர்வருக்குக் கையால் மாற்றிப் பாருங்கள்.

முதல் மாதம் அது சொன்னதும் நீங்கள் செய்ததும் எத்தனை முறை ஒத்துப்போயின என்று கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்.