முதல் க்யூவும் நேரான வீச்சும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக வார இறுதிகளில் ஸ்நூக்கர் ஆடி வருகிறேன். கிளப்பில் இருக்கும் பொதுக் க்யூக்களில் (பந்தை அடிக்கும் கோல்களில்) ஒன்றை எடுத்துத்தான் ஆடுகிறேன். அருகிலிருக்கும் பந்துகள் மேசைக் குழிகளில் (பாக்கெட்டுகளில்) விழுகின்றன. தொலைவில் இருப்பவை பெரும்பாலும் தவறிவிடுகின்றன. விலையுயர்ந்த மேப்பிள் க்யூ வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? ஆட்டத்தை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

சொந்தமாக ஒரு க்யூ வாங்குங்கள். ஆனால் தொலைவுப் பந்துகள் அதனாலேயே விழத் தொடங்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பொதுக் க்யூவில் ஆடும்போது வாரந்தோறும் எடையும் டிப்பின் (பந்தைத் தொடும் நுனியின்) அகலமும் மாறிக்கொண்டே இருப்பதால், பந்து தவறியது கையாலா கோலாலா என்று கண்டறியவே வழியில்லாமல் போகிறது. ஒரே க்யூவில் தொடர்ந்து ஆடுபவருக்கு அந்தக் குழப்பம் நீங்கும். சொந்தக் க்யூவின் முதல் பயன் அதுதான்.

57 அல்லது 58 அங்குல நீளம், 17 முதல் 18 அவுன்ஸ் எடை, ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர் டிப்: தொடக்கத்துக்கு இவை போதும். டிப் 12, 13 மில்லிமீட்டர் இருந்தால் அது பூல் என்ற வேறொரு மேசைப் பந்தாட்டத்துக்கான க்யூ. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம். அடிப்பகுதியைக் கண்ணருகே வைத்து, மெல்லச் சுழற்றியபடி நுனிவரை பார்த்தால் வளைவு இருப்பது தெரிந்துவிடும். மேப்பிளும் நல்ல மரம்தான். ஆயினும் உங்களுக்கு நான் ஆஷ் மரத்தையே பரிந்துரைப்பேன். அதன் ரேகைகள் அம்பு முனைகளைப் போல நுனி நோக்கித் தெளிவாக ஓடுவதால், ஒவ்வொரு முறையும் அதே பக்கம் மேலே இருக்கும்படி பிடிப்பது எளிது. விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஸ்டீபன் ஹென்ட்ரி 1990-க்கும் 1999-க்கும் இடையில் வென்ற ஏழு உலகப் பட்டங்களும், சிறுவயதில் அவருக்குக் கிடைத்த ஒரு மலிவான க்யூவால் வெல்லப்பட்டவை.

இனி, பந்து ஏன் தவறுகிறது என்பதைப் பார்ப்போம். க்யூவால் நீங்கள் அடிக்கும் வெள்ளைப் பந்து நினைத்த கோட்டிலிருந்து ஒரே ஒரு பாகை விலகினாலும், ஆறடி கடந்ததும் அந்த விலகல் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் ஆகிவிடும். பந்தின் விட்டமே 52.5 மில்லிமீட்டர்தான் என்பதால், பாதிப் பந்துக்கும் மேலாகக் குறி தப்பிவிட்டது என்று பொருள். ஓரடி தொலைவில் இதே பிழை ஐந்தாறு மில்லிமீட்டர்தான். பல நேரங்களில் பாக்கெட்டின் வாய் அதைப் பொறுத்துக்கொள்கிறது. அருகில் விழுவதும் தொலைவில் தவறுவதும் ஒரே வீச்சின் விளைவுகள்தாம்.

இதைச் சோதிக்க ஒரு பழைய பயிற்சி உண்டு. காலி மேசையில் பழுப்புப் பந்துக்குரிய புள்ளியில் வெள்ளைப் பந்தை வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளின் மேல் நேராக ஓடும்படி அடியுங்கள். அடித்த பின் எழுந்துவிடாமல் க்யூவை நீட்டிய நிலையிலேயே வைத்திருந்தால், எதிர் குஷனில் (மேசை விளிம்பில்) பட்டுத் திரும்பும் பந்து டிப்பையே வந்து தொட வேண்டும். வலப்புறம் ஒதுங்கித் திரும்பினால் பந்தின் வலப்பக்கத்தில் அடித்திருக்கிறீர்கள், இடப்புறமென்றால் இடப்பக்கத்தில். நீங்கள் அறியாமல் பந்துக்குக் கொடுக்கும் இந்தப் பக்கச் சுழற்சிதான் (சைடு) தொலைவுப் பந்துகளைக் கெடுக்கிறது. சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் இதைச் செய்யாமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

நேராக அடிப்பதற்கான ஏற்பாடுகள் குனிவதற்கு முன்பே தொடங்குகின்றன. நின்றபடியே கோட்டைத் தேர்ந்து, நீங்கள் வலக்கைக்காரர் என்றால் வலக்காலை அந்தக் கோட்டின் மேல் ஊன்றி, பிறகு குனியுங்கள். குனிந்த பின் குறியைத் திருத்தத் தோன்றினால் எழுந்து மறுபடி தொடங்குங்கள். க்யூவின் முன்பகுதியைத் தாங்கும் பிரிட்ஜ் கையின் விரல்கள் விரிந்து துணியை அழுத்தட்டும். பின்கை இறுகினால் மணிக்கட்டு திரும்பி டிப்பை ஓரத்துக்கு இழுத்துவிடும். ஆகவே க்யூ நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். அந்தக் கையில் முழங்கைக்குக் கீழுள்ள பகுதி மட்டும் அசைய வேண்டும். டிப் பந்தைத் தொடும் நொடியில் அது செங்குத்தாகத் தொங்க வேண்டும். க்யூ முகவாயின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று யாரேனும் வற்புறுத்தினால் கேட்க வேண்டாம். 1927 முதல் 1946 வரை 15 உலகப் பட்டங்களை வென்ற ஜோ டேவிஸ், இடக்கண்ணுக்குக் கீழே க்யூவை வைத்தே ஆடினார். உங்கள் கண்ணுக்குக் கோடு எங்கே நேராகத் தெரிகிறதோ அதுவே உங்கள் இடம்.

பின்னிழுத்த க்யூவை முன்செலுத்தும் முன் ஒரு கணம் நிறுத்துங்கள். பார்வை அப்போது வெள்ளையிலிருந்து, விழ வேண்டிய குறிப்பந்துக்குப் போய்விட வேண்டும். பெரும்பாலோர் பந்து விழுகிறதா என்று பார்க்கும் ஆவலில் அடிக்கும்போதே தலையைத் தூக்கிவிடுகிறார்கள். உங்களிடமும் இது இருக்கக்கூடும். கைப்பேசியை எதிர் குஷன் மேல் நிறுத்திப் பத்து அடிகளைப் பதிவு செய்து பாருங்கள். தலை எழுகிறதா, முழங்கை பக்கவாட்டில் விலகுகிறதா என்பது தெரிந்துவிடும். அதைத் திருத்தும்வரை க்யூவை மாற்ற வேண்டாம்.

அன்புடன்.