தசைச் சிக்னலில் இயங்கும் செயற்கைக் கை: கேள்வி பதில்

கேள்வி: சார், மூளையின் கட்டளை நரம்பு வழியாகத்தானே வருகிறது? நேரே நரம்பிலேயே சிக்னலைப் பிடிக்காமல் ஏன் தசைக்குப் போகிறார்கள்?

பதில்: நரம்பின் சிக்னல் சில மைக்ரோவோல்ட்தான், தோல்வரை வந்து சேராது. பிடிக்க வேண்டுமானால் அறுவை செய்து நரம்பின்மேலேயே மின்முனையை (சிக்னலை வாங்கும் உலோகத் தகடு) வைக்க வேண்டும். தசையில் கதை வேறு. ஒரே நரம்பிழை நூற்றுக்கணக்கான தசை இழைகளை ஒருசேரச் சுருக்குவதால், தோலின்மேல் ஒட்டினாலே ஒரு மில்லிவோல்ட் அளவுக்குக் கிடைக்கும். தசையே ஓர் ஆம்ப்ளிஃபையர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி.

கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்கிறோம். கையைச் சும்மா வைத்திருந்தாலும் திரையில் அலை ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதில்: 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று சீராக வந்தால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். உடனே அந்த 50 ஹெர்ட்ஸை வெட்டும் ஃபில்டரைத் தேடாதீர்கள். தசைச் சிக்னலின் கனமான பகுதியே 50 முதல் 150 ஹெர்ட்ஸில் இருப்பதால், வெட்டினால் அதுவும் கொஞ்சம் போகும். கோளாறு பெரும்பாலும் தோலில்தான். முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்தபின் ஒட்டுங்கள். இரண்டு மின்முனைகள் தசையின் நெடுக்கில், மையத்துக்கு மையம் 2 செ.மீ.; ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது மின்முனை முழங்கை எலும்பின்மேல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இது இரைச்சலுக்காக மட்டுமல்ல: உடம்பில் மின்முனை ஒட்டியிருக்கும்போது பேட்டரியைத் தவிர எதுவும் கூடாது.

கேள்வி: அண்ணா, விரலை இயக்கும் சர்வோ மோட்டார் திரும்பினால், அதைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகிறது.

பதில்: பெரிய சர்வோ திணறும்போது 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், போர்டின் 5 வோல்ட் பின் தாங்காது. சர்வோவுக்குத் தனி பேட்டரி, கிரவுண்ட் மட்டும் பொது, சர்வோ அருகே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்.

கேள்வி: விரல்கள் மூடியும் திறந்தும் படபடக்கின்றன.

பதில்: மூடவும் திறக்கவும் ஒரே வரம்பு வைத்திருப்பீர்கள், சிக்னல் அந்தக் கோட்டிலேயே தத்தளிக்கிறது. முதலில் நெகட்டிவ் பக்கத்தைப் பாசிட்டிவாக்கி, 150 மில்லிசெகண்டுக்குச் சராசரி எடுங்கள். 300 மில்லிசெகண்டைத் தாண்டினால் கை மந்தமாகும். பிறகு 3 விநாடி தளர்வு, 3 விநாடி முழு இறுக்கம் அளந்து பாருங்கள். போர்டு காட்டும் எண் தளர்வில் 40, இறுக்கத்தில் 600 வந்தால் இடைவெளி 560. அதில் 30 சதவீதத்தைத் தளர்வின் 40-ஓடு கூட்டி, அதாவது 208-ல் மூடட்டும். அதேபோல் 15 சதவீதத்துக்கு, 124-க்குக் கீழே இறங்கினால்தான் திறக்கட்டும். ஆனால் இந்த முறையில் டீ கிளாஸைப் பிடித்திருக்கும்வரை தசையை இறுக்கியே வைக்க வேண்டும், கை ஓய்ந்துவிடும். முன்கையின் உள்பக்கத் தசை மூட, வெளிப்பக்கத் தசை திறக்க, இரண்டும் தளர்ந்தால் அப்படியே நிற்க என்று வைப்பதே நல்லது.

கேள்வி: தோளோடு கையை இழந்தவருக்கு முன்கைத் தசையே இல்லையே?

பதில்: கைக்குப் போன நரம்புகள் மிச்சம் இருக்கின்றனவே. மார்புத் தசையின் பழைய நரம்பை வெட்டிவிட்டு, அங்கே கை நரம்பைத் தைக்கிறார்கள். நரம்பு வளர்ந்து பற்ற மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் 'கையை மூடு' என்று நினைத்தால் மார்பில் ஒரு துண்டுத் தசை துடிக்கும், மின்முனை அதன்மேல். மின்விபத்தில் இரு கைகளையும் இழந்த ஜெஸ்ஸி சலிவனுக்கு 2002-ல் சிகாகோவில் மருத்துவர் டாட் குய்கன் குழு இதைச் செய்தது.

கேள்வி: அப்பாவின் செயற்கைக் கை காலையில் சொன்னபடி கேட்கிறது, மதியம் முரண்டு பிடிக்கிறது.

பதில்: சாக்கெட்டுக்குள், அதாவது மிச்சக் கையை நுழைக்கும் உறைக்குள், வியர்வை. லேசான ஈரம் உலோக மின்முனைக்கு நல்லது. தேங்கினால் இரு முனைகளுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். துடைத்தும் சரியாகாவிட்டால் சாக்கெட் தளர்ந்து நகர்கிறது; பொருத்தியவரிடம் காட்டுங்கள்.