செயின்ட் பாங்க்ராஸைக் காப்பாற்றியது யார்?

கேள்வி: லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனைப் பார்த்தேன். 150 வருஷத்துக் கட்டடம், அரண்மனை மாதிரி நிற்கிறது. பழையதைப் போற்றுவது வெள்ளைக்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. நம்மவர்களுக்கு இடிக்கத்தான் தெரியும். சரிதானே? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சரியில்லை. ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நீங்கள் அண்ணாந்து பார்த்த அந்த ஸ்டேஷனை ஒழித்துக்கட்டத் திட்டம் போட்டதும் அதே நாட்டு ரயில்வேதான். 1966-ல், அதைப் பக்கத்திலிருக்கும் கிங்ஸ் கிராஸோடு சேர்த்து ஒரே ஸ்டேஷனாக்கும் யோசனை வந்தது. அப்படி நடந்திருந்தால் நீங்கள் பார்த்த செங்கல் கோபுரங்கள் இன்று இருந்திருக்காது.

அதற்குச் சில வருஷம் முன்பு, அதே சாலையில் சற்று மேற்கே, யூஸ்டன் ஸ்டேஷன் வாசலில் ஒரு பிரம்மாண்டமான கல் தோரணவாயில் நின்றது. ரயில் யுகத்தின் தொடக்கத்தில், 1837 வாக்கில் கட்டியது. உயரம் சுமார் 70 அடி. இடிக்காதீர்கள் என்று கட்டடக்கலைஞர்களும் எழுத்தாளர்களும் பிரதமர் மேக்மில்லனிடமே நேரில் போய்க் கேட்டார்கள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. 1961-62-ல் இடித்தார்கள். கற்களில் பெரும்பகுதியைக் கிழக்கு லண்டனில் ஒரு கால்வாயின் பள்ளத்தை நிரப்பப் போட்டுவிட்டார்கள்.

அந்த அடியில்தான் சிலர் விழித்துக்கொண்டார்கள். விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே அசிங்கம், அழுக்கு என்று படித்தவர்களே பேசிய காலம் அது. கவிஞர் ஜான் பெச்சமன் பத்திரிகையில் எழுதினார், மேடையில் பேசினார், கடிதம் மேல் கடிதம் போட்டார். கூட நின்றவர் விக்டோரியா கால மரபுக்கான சங்கத்தின் தலைவர் நிக்கொலாஸ் பெவ்ஸ்னர். இவர் ஜெர்மனியில் பிறந்தவர், யூதக் குடும்பத்தில் பிறந்ததால் நாஜி ஆட்சியில் வேலை போய் இங்கிலாந்துக்கு வந்தவர். ரத்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். 1967 நவம்பரில் ஸ்டேஷனும் அதன் முகப்பில் இருந்த ஹோட்டலும் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. ஸ்டேஷன் மேல்தளத்தில் பெச்சமனின் வெண்கலச் சிலை இருக்கிறது. தொப்பி விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பையுடன் கூரையைப் பார்த்தபடி நிற்கிறார். பார்த்தீர்களா?

அவர் பார்க்கும் அந்தக் கூரையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இந்த ஸ்டேஷனைக் கட்டியது மிட்லண்ட் ரயில்வே கம்பெனி. அதற்கு முன்பு அதற்கு லண்டனில் சொந்த ஸ்டேஷன் இல்லை. இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் கட்டணம் கொடுத்து கிங்ஸ் கிராஸுக்கு வந்துகொண்டிருந்தது. 1862-ல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் அதன் வண்டிகள் வழியிலேயே காத்துக் கிடந்தன. போதும், நாமே கட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். வழியில் ரீஜன்ட் கால்வாய் குறுக்கிட்டது. கிங்ஸ் கிராஸ்காரர்கள் அதற்கு அடியில் சுரங்கம் தோண்டி வந்திருந்தார்கள். மிட்லண்டின் பொறியாளர் வில்லியம் பார்லோ கால்வாய்க்கு மேலே பாலம் போட்டு வந்தார். அதனால் தண்டவாளம் ஊருக்குள் வரும்போது தெருவைவிட ஒரு மாடி உயரத்தில் நின்றது.

கீழே கிடைத்த இடத்தை என்ன செய்வது? பர்ட்டன் ஊரிலிருந்து வரும் பீர் அந்தக் கம்பெனிக்குப் பெரிய வருமானம். அடித்தளத்தை பீர் கிடங்காக்கினார்கள். கிட்டத்தட்ட 700 வார்ப்பிரும்புத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் இடையிலான தூரம் பீப்பாய் அளவை வைத்து முடிவானது. மேலே கூரை 240 அடி அகலம், 100 அடி உயரம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அவ்வளவு அகலத்தை ஒரே தாவலில் மூடிய கட்டடம் வேறு இல்லை. இப்படி நினைத்துப் பாருங்கள்: கூரை ஒரு வில். வில்லின் இரண்டு முனையும் வெளியே விரியாமல் இழுத்துப் பிடிக்க நாண் வேண்டும். மற்ற ஸ்டேஷன்களில் அந்த நாண் தலைக்கு மேலே கம்பியாகத் தெரியும். இங்கே தண்டவாளத்தைத் தாங்கும் தளத்தின் இரும்பு விட்டங்களே நாண். அதன்மேல்தான் நீங்கள் நடந்திருக்கிறீர்கள். 1868 அக்டோபர் 1-ல் ரயில் ஓடத் தொடங்கியது.

முகப்பு ஹோட்டல் கட்டடக்கலைஞர் கில்பர்ட் ஸ்காட்டின் கைவண்ணம், 1873-ல் திறந்தது. சிவப்புச் செங்கல் நாட்டிங்ஹாமிலிருந்து, கம்பெனியின் சொந்த ரயில் பாதை வழியாகவே வந்தது. அறைக்கு அறை குளியலறை இல்லாததால் காலம் மாறியதும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1935-ல் மூடி அலுவலகமாக்கினார்கள். 2007 நவம்பர் 14-ல் பாரிஸ் ரயில் இங்கே வந்த பிறகுதான் அதற்கும் விடிந்தது, 2011-ல் மறுபடி ஹோட்டல் ஆனது. பழைய பீர் கிடங்கில் இப்போது கடைகள் இருக்கின்றன, பாரிஸ் பயணிகளும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

கட்டடத்தை இவ்வளவு பேசிவிட்டோம். அதற்காக விரட்டப்பட்டவர்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்டேஷனுக்கு வடக்கே ஆகர் டவுன் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. 1840-களில், 21 வருஷக் குத்தகை நிலத்தில் ஏழைகள் கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டிக்கொண்ட வீடுகள். சரியான சாக்கடை இல்லை, மழை பெய்தால் தெரு சேறு. நிலத்தை வைத்திருந்த திருச்சபை ஆணையம் ரயில் கம்பெனிக்கு விற்றது. 1866 வாக்கில் எல்லாம் தரைமட்டம். வார வாடகைக்கு இருந்தவர்களுக்கு நஷ்டஈடாக ஒரு காசு கிடையாது. அவர்கள் பக்கத்துத் தெருக்களில், ஏற்கெனவே நெருக்கியடித்த வீடுகளில் போய் ஒண்டினார்கள். அவர்களுக்காகப் பிரதமரைப் போய்ப் பார்க்க யாரும் இல்லை. இன்று ஆகர் குரோவ் என்ற தெருப்பெயர் மட்டும் மிச்சம்.

செத்தவர்களையும் விடவில்லை. பழைய செயின்ட் பாங்க்ராஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் பாதையில் இருந்தது. ஆயிரக்கணக்கான உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். எலும்புகள் கண்டபடி சிதறுகின்றன என்று புகார் கிளம்பவே, மேற்பார்வைக்கு ஓர் இளம் கட்டடக்கலைஞரை அனுப்பினார்கள். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டிதான் அவர். ராத்திரியில் தட்டிமறைப்புக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்தது. ஒரு சவப்பெட்டியைத் திறந்தால் எலும்புக்கூடு ஒன்று, மண்டை ஓடு இரண்டு.

பாரிஸ் ரயிலுக்காக 2002-03-ல் அதே தோட்டத்தை மறுபடி தோண்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து லண்டனுக்கு ஓடிவந்து, இங்கேயே செத்துப்போன கத்தோலிக்கர்கள் பலர் அங்கே புதைந்திருந்தார்கள். நார்போன் நகரத்துப் பேராயர் டில்லன் அவர்களில் ஒருவர். அவருடைய பீங்கான் பல்செட்டு உடையாமல் அப்படியே கிடைத்தது. 2007-ல் அவருடைய எலும்புகள் பிரான்சுக்கே திரும்பிப் போயின.

நம்மவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்துவிட்டது. எனக்கும் அதில் ஆற்றாமை உண்டு. அதே சமயம், 1856-ன் ராயபுரம் ஸ்டேஷன் இன்றும் நிற்கிறது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களும் நம்மூர்க்காரர்கள்தான்.

அடுத்த முறை லண்டன் போனால் ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து, பாங்க்ராஸ் ரோட்டில் வடக்கே பத்து நிமிஷம் நடங்கள். அந்தத் தேவாலயத் தோட்டம் வரும். ஓர் ஆஷ் மரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான கல்லறைக் கற்களை நெருக்கமாக வட்டம் வட்டமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஹார்டி மரம் என்று ஊரார் பெயர் வைத்தார்கள். 2022 டிசம்பரில் மரம் விழுந்துவிட்டது. கற்கள் அங்கேதான் இருக்கின்றன. எழுத்துகள் தேய்ந்துவிட்டன, இருந்தாலும் குனிந்து பார்த்தால் ஒன்றிரண்டு பெயர்களாவது படிக்க முடியும்.